மலேரியாவில் எந்த இரத்தப் புரதத்தை நம்புவது? நோயெதிர்ப்புக் குறிப்பான்கள் குறித்த ஓர் ஒப்பீடு

நோயெதிர்ப்பு மண்டலத்தின் சமிக்ஞைப் புரதங்களை மலேரியாவுக்கான இரத்தக் குறிப்பான்களாகப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்விதழ்களில் எழுப்பப்பட்டு வருகிறது. சைட்டோகைன், கீமோகைன் என்றெல்லாம் அழைக்கப்படும் இப்புரதங்களில் ஏதேனும் ஒன்று மலேரியா நோயாளிகளிடம் உயர்ந்திருப்பதாகச் சொல்லும் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், உகாண்டாவிலோ மலாவியிலோ உள்ள ஒரு மாவட்ட மருத்துவமனையின் ஆய்வகத்தில் புதிதாக ஒரு பரிசோதனையைச் சேர்க்கப் பணம் ஒதுக்க வேண்டியவருக்கு, "உயர்ந்திருக்கிறது" என்ற தகவல் மட்டும் உதவாது. எந்தப் புரதம், எந்தக் கேள்விக்கு, எந்த நிலையிலுள்ள மருத்துவமனையில் என்று பிரித்துக் கேட்டால்தான் தேர்வு செய்ய முடியும். 2023-ல் உலகெங்கும் ஏறத்தாழ 26.3 கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாகவும், 5,97,000 பேர் இறந்ததாகவும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இறந்தவர்களில் 95 சதவீதத்தினர் ஆப்பிரிக்க வட்டாரத்தினர். அங்கும் நான்கில் மூவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். ஆகவே இந்த ஒப்பீடு ஆப்பிரிக்கக் குழந்தைகளைத் தாக்கும் ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி வகையால் வரும் மலேரியாவை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

காய்ச்சலோடு வரும் குழந்தையிடம் ஆய்வகம் விடை தேட வேண்டிய கேள்விகள் மூன்று. இரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்பது முதலாவது. இருந்தால், இப்போதைய நோய்க்கு அதுதான் காரணமா என்பது இரண்டாவது. இக்குழந்தை அடுத்த சில நாட்களுக்குள் உயிராபத்தான நிலைக்குப் போகுமா என்பது மூன்றாவது. ஆய்விதழ்களில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. மலேரியா வந்தவர்களையும் நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எந்த அழற்சிப் புரதமும் அருமையான குறிப்பானாகத்தான் தெரியும். மருத்துவர் எதிர்கொள்வதோ காய்ச்சலையும் காய்ச்சலையும் பிரித்தறியும் வேலை.

முதல் கேள்வியைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை. இரத்தத் தடவலை நுண்ணோக்கியில் பார்ப்பதும், பதினைந்து இருபது நிமிடங்களில் கோடு காட்டும் கார்டு டெஸ்டும் ஒட்டுண்ணியையோ அதன் புரதத்தையோ நேரடியாகக் காண்கின்றன. நிமோனியாவிலும் டைஃபாய்டிலும் உயரக்கூடிய ஓர் உடற்புரதம் அவற்றோடு போட்டியிட முடியாது. கார்டு டெஸ்ட் தேடும் எச்.ஆர்.பி-2 என்ற ஒட்டுண்ணிப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகள் எரித்திரியா, ஜிபூட்டி, எத்தியோப்பியா ஆகிய நாடுகளில் பரவியிருப்பது உண்மைதான். அதற்குத் தீர்வு, எல்.டி.எச் போன்ற வேறோர் ஒட்டுண்ணிப் புரதத்தைத் தேடும் கார்டுக்கு மாறுவதே தவிர, குழந்தையின் சைட்டோகைனை அளப்பதன்று.

இரண்டாவது கேள்வி கடினமானது. மலேரியா ஓயாமல் பரவும் ஊர்களில் பல குழந்தைகள் காய்ச்சலே இல்லாமல் ஒட்டுண்ணியைச் சுமந்து திரிகிறார்கள். அப்படிப்பட்ட குழந்தைக்கு மூளைக்காய்ச்சலோ இரத்தத்தில் பாக்டீரியாத் தொற்றோ வந்தாலும் கார்டில் கோடு விழும். மலாவியின் பிளாண்டயர் நகரில், மூளை மலேரியா என்று முடிவு செய்யப்பட்டு இறந்த 31 குழந்தைகளின் உடற்கூறாய்வு முடிவுகள் 2004-ல் வெளியாயின. அவர்களில் 7 பேர் வேறு காரணங்களால் இறந்திருந்தனர். அனுபவமுள்ள மருத்துவர்கள் பணியாற்றிய, ஆய்வுக்கென்றே கட்டமைக்கப்பட்ட ஒரு பிரிவிலேயே நிலைமை இதுவென்றால், சிறு மருத்துவமனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சமிக்ஞைப் புரதங்கள் இங்கே கைகொடுக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஒட்டுண்ணியைச் சும்மா சுமப்பவரிடம் அழற்சி குறைவாகவும், மலேரியாவால் நோயுற்றவரிடம் மிகுதியாகவும் இருக்கும் என்பது அந்த வாதம். சும்மா சுமந்துகொண்டிருந்த குழந்தைக்கு நிமோனியா வந்தவுடன் அந்த வாதம் நொறுங்கிவிடுகிறது. உடல் கொதிக்கிறது என்பதைப் புரதம் சொல்லும். எதனால் கொதிக்கிறது என்பதைச் சொல்லாது.

இந்த இடத்துக்குப் பொருத்தமானது, அதே எச்.ஆர்.பி-2 புரதத்தை ஆம், இல்லை என்று பார்க்காமல் பிளாஸ்மாவில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. ஃபால்சிபாரம் தொற்றிய சிவப்பணுக்கள் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிப் பதுங்கிக்கொள்வதால், விரல்நுனி இரத்தத்தில் எண்ணப்படும் ஒட்டுண்ணிகள் உடலிலுள்ள மொத்தச் சுமையில் ஒரு பகுதி மட்டுமே. பதுங்கியவையும் தம் எச்.ஆர்.பி-2 புரதத்தை இரத்தத்தில்தான் கலக்கின்றன. எனவே அதன் அளவு மொத்தச் சுமையை ஓரளவு மதிப்பிட உதவுகிறது. மரபணு நீக்கம் பரவிய நாடுகளில் இதுவும் பயன்படாது என்பதையும், குணமான பின்னும் இப்புரதம் வாரக்கணக்கில் இரத்தத்தில் தங்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் "இது மலேரியாவால்தானா" என்ற கேள்விக்கு எந்தச் சைட்டோகைனையும்விட இதுவே நெருங்கிய பதில் என்பது என் கருத்து.

சமிக்ஞைப் புரதங்களுக்கு உண்மையான இடம் மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது. ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் கடும் மலேரியா வந்த 5,425 குழந்தைகளைச் சேர்த்து நடத்தப்பட்டு 2010-ல் வெளியான அக்வாமாட் ஆய்வில், பழைய மருந்தான குயினைன் பெற்றவர்களில் 10.9 சதவீதத்தினரும், ஆர்ட்டிசுனேட் ஊசி பெற்றவர்களில் 8.5 சதவீதத்தினரும் இறந்தனர். கைவசமுள்ள சிறந்த மருந்தைக் கொடுத்தும் பன்னிரண்டு பேரில் ஒருவர் இறக்கிறார். அந்த ஒருவர் யாராக இருப்பார் என்பதை மருத்துவமனையில் சேர்க்கும் நேரத்திலேயே அறிய முடிந்தால், கண்காணிப்பையும் ஆக்சிஜனையும் இரத்தமேற்றுதலையும் அவரை நோக்கித் திருப்பலாம். இதற்கான போட்டியாளர்களைத்தான் இனி ஒவ்வொன்றாக எடைபோட வேண்டும்.

அழற்சியைத் தூண்டும் சைட்டோகைனான டி.என்.எஃப் இவற்றில் மூத்தது. காம்பியாவில் நடத்தப்பட்டு 1990-ல் வெளியான ஆய்வில், மூளை மலேரியாவால் இறந்த குழந்தைகளின் சராசரி டி.என்.எஃப் அளவு, சாதாரண மலேரியாக் குழந்தைகளின் அளவைப்போல் பத்து மடங்கு இருந்தது. இதைவிடக் கவர்ச்சியான தொடக்கம் ஒரு குறிப்பானுக்குக் கிடைப்பது அரிது. சிக்கல் அதன் வேகத்தில் இருக்கிறது. இலங்கையில் வைவாக்ஸ் என்ற மற்றோர் ஒட்டுண்ணி வகையால் மலேரியா வந்த நோயாளிகளைக் குளிர்நடுக்கம் தொடங்கியதிலிருந்து தொடர்ந்து கவனித்து 1992-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஒட்டுண்ணிகள் முதிர்ந்து சிவப்பணுக்களை உடைத்து வெளிவரும்போது டி.என்.எஃப் ஏறுகிறது, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து உடல்வெப்பம் அதைப் பின்தொடர்ந்து ஏறுகிறது, டி.என்.எஃப் இறங்கிய பின் வெப்பமும் அதே இடைவெளியில் இறங்குகிறது. இலங்கை 2016-ல் மலேரியா அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டுவிட்டதால், அங்கே உள்நாட்டு நோயாளிகளிடம் அப்படியோர் ஆய்வை இனி நடத்த முடியாது. நோயியலைப் புரிந்துகொள்ள இந்தக் கண்டுபிடிப்பு அரியது. ஆய்வகத் தேர்வுக்கோ இது ஓர் எச்சரிக்கை. ஒரே நோயாளியிடம் காலையில் எடுத்த இரத்தமும் மாலையில் எடுத்த இரத்தமும் இரு வேறு எண்களைச் சொல்லுமானால், எந்த எண்ணை எல்லைக்கோடாக வைப்பது? டி.என்.எஃப்-ஐ முறியடித்தால் குழந்தை பிழைக்குமா என்பதையும் காம்பியாவிலேயே சோதித்துப் பார்த்தார்கள். 600-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 1996-ல் வெளியான அந்தப் பரிசோதனையில், டி.என்.எஃப்-க்கு எதிரான ஆன்டிபாடி இறப்பைக் குறைக்கவில்லை. பிழைத்தவர்களிடம் நரம்புக் குறைபாடுகளை அதிகப்படுத்தவே செய்தது. ஒரு புரதம் நோயோடு சேர்ந்து உயர்வதற்கும் நோயை நடத்திச் செல்வதற்கும் உள்ள தூரத்தை இந்த முடிவு நன்றாகவே அளந்து காட்டிவிட்டது.

ஐ.எல்-6 என்ற சைட்டோகைன் நம் வாசகர்களுக்குப் புதிய பெயரன்று. கொரோனாக் காலத்தில் தனியார் மருத்துவமனைகளின் பில்களில் இடம்பெற்று, வாட்ஸ்அப் குழுக்களில் ரிப்போர்ட் பரிமாறப்பட்ட அதே பரிசோதனைதான். பெரிய மருத்துவமனைகளின் தானியங்கிக் கருவிகளிலேயே அளந்துவிடலாம் என்பது அதன் வசதி. கடும் மலேரியாவில் அது உயர்கிறது. பாக்டீரியாத் தொற்றிலும் அதே அளவுக்கு உயர்கிறது. ஐ.எல்-10 அழற்சியைத் தணிக்கும் புரதம். கானாவிலும் மேற்குக் கென்யாவிலும் நடந்த ஆய்வுகளில், கடும் இரத்தசோகையுள்ள மலேரியாக் குழந்தைகளிடம் ஐ.எல்-10 எதிர்பார்த்த அளவுக்கு உயராமலோ, டி.என்.எஃப்-உடன் ஒப்பிடுகையில் தாழ்ந்தோ இருந்தது. அறிவியலாக இது சுவையானது. ஆனால் ஒரு சொட்டு இரத்தத்தில் ஹீமோகுளோபினை நேரடியாக அளக்க முடிகிறபோது, இரத்தசோகையைச் சுற்றிவளைத்துச் சொல்லும் ஒரு விகிதத்துக்காக இரண்டு விலையுயர்ந்த பரிசோதனைகளை யார் செய்வார்கள்?

ஐ.பி-10 என்னும் கீமோகைன், இன்டர்ஃபெரான்-காமா என்ற சைட்டோகைனின் தூண்டுதலால் சுரந்து, டி செல்கள் எனும் வெள்ளணுக்களை அழற்சியுள்ள இடத்துக்கு அழைப்பது. கானாவிலும் மத்திய இந்தியாவின் ஜபல்பூரிலும் மூளை மலேரியாவால் இறந்தவர்களிடம் இது உயர்ந்திருந்தது. டி.என்.எஃப்-ஐவிட இரத்தத்தில் இதன் அளவு அதிகம் என்பதால் அளப்பதும் எளிது. காசநோயிலும் எச்.ஐ.வி உள்ளிட்ட பல வைரஸ் தொற்றுகளிலும் உயர்வது இதன் குறை. அவை எல்லாமே மலிந்த ஒரு வட்டாரத்தில் இது சிறிய குறையாகாது.

ஆஞ்சியோபொய்டின்-2 இவற்றிலிருந்து வேறுபட்டது. இது இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களுக்குள் முன்கூட்டியே தயாரிக்கப்பட்டு, சிறு பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. சுவர் தாக்கப்படும்போது வெளியேறி, சுவரை உறுதியாக வைத்திருக்கும் ஆஞ்சியோபொய்டின்-1-இன் வேலையைத் தடுக்கிறது. சுவர் தளர்ந்து கசியத் தொடங்குகிறது. ஃபால்சிபாரம் மலேரியாவில் குழந்தையைக் கொல்லும் நிகழ்வுகள் நடக்கும் இடமே நுண்குழாய்ச் சுவர்தான் என்பதால், காய்ச்சலைப் பிரதிபலிக்கும் புரதத்தைவிடச் சுவரைப் பிரதிபலிக்கும் புரதம் நமக்குப் பயன்படும் என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. இந்தோனேசியாவின் பப்புவாவில் பெரியவர்களிடம் நடந்து 2008-ல் வெளியான ஆய்வு, இதன் உயர்வை, இரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடின் குறைவுடனும், திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் சேரும் லாக்டேட்டின் உயர்வுடனும், பின்னர் நிகழ்ந்த இறப்புடனும் தொடர்புபடுத்தியது. மலாவிக் குழந்தைகளிடம் 2012-ல் வெளியான ஆய்வில், மூளை மலேரியாவின் அடையாளமான விழித்திரை மாற்றங்களோடும் இறப்போடும் இது சேர்ந்து உயர்ந்தது. இரண்டு ஆஞ்சியோபொய்டின்களின் விகிதத்தைக் கணக்கிட்டால் இன்னும் துல்லியமாக இருக்குமே என்று சிலர் கேட்கலாம். எனக்கு அதில் தயக்கம் உண்டு. ஆஞ்சியோபொய்டின்-1 தட்டணுக்களிலும் (பிளேட்லெட்) நிறைந்திருக்கிறது. மலேரியாவிலோ தட்டணுக்கள் குறைகின்றன, மாதிரிக் குழாயில் இரத்தம் உறையும்போதோ அவை உடைந்து தம் சரக்கைக் கொட்டுகின்றன. அந்த விகிதம் நோயைக் காட்டுகிறதா, மாதிரிக் குழாயைக் கையாண்ட விதத்தைக் காட்டுகிறதா என்று பிரிப்பது எளிதாக இராது.

எஸ்-டிரெம்-1 என்பது நியூட்ரோஃபில், மோனோசைட் ஆகிய வெள்ளணுக்கள் கிளர்ச்சியுறும்போது அவற்றின் மேற்பரப்பிலிருந்து கழன்று இரத்தத்தில் கலக்கும் ஏற்பியின் துண்டு. உகாண்டாவின் ஜிஞ்சா வட்டார மருத்துவமனையில் காய்ச்சலோடு சேர்ந்த 2,502 குழந்தைகளிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், ஏழு நாட்களுக்குள் நிகழும் இறப்பை முன்கூட்டிச் சொல்வதில் இதற்கு 0.89 என்ற மதிப்பெண் கிடைத்தது. அதன் பொருள் இதுதான்: இறந்த குழந்தை ஒன்றையும் பிழைத்த குழந்தை ஒன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், நூற்றுக்கு 89 முறை இறந்த குழந்தையிடமே எஸ்-டிரெம்-1 கூடுதலாக இருந்திருக்கும். மதிப்பெண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த ஆய்வு மலேரியாவை மட்டும் தனியே பிரித்தெடுக்காமல், மருத்துவமனை வாசலுக்கு வந்த எல்லாக் காய்ச்சலையும் சேர்த்துப் பார்த்தது என்பதே. காரணத்தைச் சொல்லாத புரதம் என்பது இரண்டாவது கேள்வியில் குறையாக இருந்தது. மூன்றாவது கேள்வியில் அதுவே அனுகூலமாகிவிடுகிறது. மலேரியாவால் இறக்கப்போகிற குழந்தையானாலும் செப்சிஸ் எனும் கடும் தொற்றுநிலையால் இறக்கப்போகிற குழந்தையானாலும் முதலில் பார்க்கப்பட வேண்டியதுதானே.

சி.ஆர்.பி இப்பட்டியலில் மலிவானது, ஸ்டிரிப் வடிவில் கிடைப்பது. ஐ.எல்-6-இன் தூண்டுதலால் கல்லீரல் உருவாக்கும் புரதமாதலால் நிதானமாக ஏறி நிதானமாக இறங்குகிறது. சாதாரண மலேரியாவிலேயே நன்றாக உயர்ந்துவிடுவதால், ஆபத்தில் இருப்பவரைத் தனித்துக் காட்டும் திறன் இதற்குக் குறைவு. புரோகால்சிட்டோனினும் மலேரியாவில் உயர்வதால், "பாக்டீரியாத் தொற்றா" என்ற அதன் வழக்கமான கேள்விக்குக்கூட இங்கே தெளிவான விடை வராது.

புரதங்களோடு மட்டுமே புரதங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் உண்மையான எதிராளியை விட்டுவிடுவோம். அது லாக்டேட். கையடக்கக் கருவி, ஒரு சொட்டு இரத்தம், ஒரு நிமிடத்துக்குள் விடை. லிட்டருக்கு 5 மில்லிமோலைத் தாண்டினால் கடும் மலேரியா என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறையே சொல்கிறது. குழந்தை வீறிட்டு அழுதாலும் வலிப்பு வந்து ஓய்ந்திருந்தாலும் லாக்டேட் தற்காலிகமாக உயரும் என்பது அதன் பலவீனம். புதிய புரதம் எதுவானாலும் லாக்டேட், இரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின், சுயநினைவின் அளவு ஆகியவற்றோடு சேர்த்த பிறகு கூடுதலாக என்ன சொல்கிறது என்பதே கேட்கப்பட வேண்டியது. தனியாக நின்று எவ்வளவு மதிப்பெண் பெறுகிறது என்பதன்று.

இனி, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ பூசிய, ஊதா மூடி போட்ட 2 மில்லிலிட்டர் குழாயில் எடுத்த இரத்தத்துக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். குழாய்க்குள்ளும் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. மேசையில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் வெள்ளணுக்கள் சைட்டோகைன்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே சீக்கிரமே சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைக்க வேண்டும். இடையில் மின்சாரம் போய் உறைந்தது உருகினால் சில புரதங்கள் சிதையும். புரதத்தை அளக்கும் எலிசா பரிசோதனையின் தட்டில் 96 குழிகள் உண்டு. அவற்றில் 16 குழிகளை அளவுகோல் வரைவதற்கான திட்டக் கரைசல்களுக்கே கொடுத்துவிட வேண்டியிருக்கும். ஒரே ஒரு குழந்தையின் மாதிரிக்காக ஒரு தட்டைத் திறப்பது வீண் செலவு என்பதால், மாதிரிகள் சேரும்வரை காத்திருப்பார்கள். திங்கட்கிழமை சேர்ந்த குழந்தையின் முடிவு வெள்ளிக்கிழமை வரும். அதற்குள் அந்தக் குழந்தை வீட்டுக்குப் போயிருக்கும், இல்லையென்றால் இறந்திருக்கும். பல புரதங்களை ஒரே நேரத்தில் அளக்கும் லூமினெக்ஸ் கருவிக்கும் இது பொருந்தும். படுக்கையருகே பயன்படுத்தக்கூடிய ஸ்டிரிப்பாக மாறாத வரை, எந்தப் புரதமும் ஆராய்ச்சிக் கருவியே.

பயன் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்குப் போடலாம். ஆபத்தானவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாகப் பிடித்து, ஆபத்தற்றவர்களில் 85 சதவீதத்தினரைச் சரியாக விலக்கும் பரிசோதனை ஒன்று கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். காய்ச்சலோடு வரும் 1,000 குழந்தைகளில் 20 பேர் இறக்கக்கூடியவர்கள் என்றால், அது 18 பேரைப் பிடிக்கும். கூடவே 147 பேரைத் தவறாகச் சுட்டும். எச்சரிக்கை விழுந்த ஒன்பது பேரில் ஒருவருக்குத்தான் உண்மையான ஆபத்து. இதுவே கடும் நோயோடு சேர்க்கப்பட்ட 1,000 பேரில் 100 பேர் இறக்கக்கூடிய பிரிவானால், எச்சரிக்கை பெற்ற ஐந்து பேரில் இருவருக்கு ஆபத்து உண்மையாக இருக்கும். முதல் சூழலில் எச்சரிக்கை விழாத 835 பேரில் இறப்பவர் இருவர் மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும். சிறிய சுகாதார மையத்தில் இப்பரிசோதனையின் முதன்மையான பயன், யாரை அச்சமின்றி வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்வதாகவே இருக்கும்.

வைவாக்ஸ் மிகுந்த இடங்களுக்கு, நம் சென்னை உட்பட, மேற்கண்ட எல்லைக்கோடுகளை அப்படியே கொண்டுவர முடியாது. ஒட்டுண்ணிகள் குறைவாக இருக்கும்போதே வைவாக்ஸ் கடுமையான அழற்சியையும் இரத்தக்குழாய்ச் சுவரின் கிளர்ச்சியையும் தூண்டுகிறது என்பதைப் பப்புவாவில் நடந்த ஒப்பீடு காட்டியிருக்கிறது. ஃபால்சிபாரத்தில் மரண அபாயத்தைக் குறிக்கும் ஓர் எண், வைவாக்ஸில் மூன்று நாள் மாத்திரையில் தீர்ந்துபோகும் காய்ச்சலைக் குறிக்கலாம்.

தேர்வு என் கையில் இருந்தால் இப்படிச் செய்வேன். கீழ்நிலைச் சுகாதார மையங்களுக்குக் கார்டு டெஸ்டோடு லாக்டேட், சர்க்கரை, ஹீமோகுளோபின் கருவிகளை முதலில் வாங்குவேன். அவை ஒழுங்காக இயங்கும் இடங்களில் மட்டும், ஸ்டிரிப் வடிவம் கிடைக்கும்போது எஸ்-டிரெம்-1-ஐச் சேர்ப்பேன். ஆஞ்சியோபொய்டின்-2-ஐ, இரத்தக்குழாய்ச் சுவரைக் காக்கும் துணைமருந்துகளைச் சோதிக்கும் மருத்துவமனைகளுக்கு ஒதுக்குவேன். எச்.ஆர்.பி-2-இன் அளவைத் தடுப்பூசி, மருந்து ஆய்வுகளில் உண்மையான கடும் மலேரியாவைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்துவேன். டி.என்.எஃப், ஐ.எல்-6, ஐ.எல்-10 ஆகியவற்றுக்குச் சிகிச்சைக்கான பட்ஜெட்டில் ஒரு பைசாவும் ஒதுக்க மாட்டேன். மூன்று நான்கு புரதங்களை இணைத்த தொகுப்புகள், சிறிய ஆய்வுகளில் வியக்கத்தக்க துல்லியத்தைக் காட்டினாலும், வேறொரு மருத்துவமனையின் குழந்தைகளிடம் மறுபடி நிரூபிக்கப்படும்வரை காத்திருப்பேன். எஸ்-டிரெம்-1-க்கும் ஒரு நிபந்தனை உண்டு. முடிவை மருத்துவருக்குத் தெரிவிக்கும் மருத்துவமனைகளையும் தெரிவிக்காத மருத்துவமனைகளையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, இறப்புகளை எண்ண வேண்டும். தெரிவித்த இடங்களில் இறப்பு குறையவில்லை என்றால், அதே பணத்தில் ஆக்சிஜன் செறிவூட்டிகளையும் இரத்தப் பைகளை வைக்கும் குளிர்பெட்டிகளையும் வாங்கிவிடலாம்.